பழம் பேர் சொன்னா தமிழ் வந்துருமா?

ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கார்ல ஏத்திக்கிட்டு ஓடுற அத்தனை பேருக்கும் கோவம் வரும்னு தெரியும். தங்கமணிக்கும் வரும், அவங்க அந்தப் பள்ளிக் கமிட்டியில வேற இருக்காங்க. இருந்தாலும் எழுதிடறேன். வாரம் பூரா ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, இதையும் உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிய முடியாது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

போன வருசம் ஆகஸ்ட் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. இங்க மெல்பர்ன்ல குளிர், மூக்கு ஒழுகுது. உடும்பஞ்சோலையில இருக்கிற எங்கம்மாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு, என் எட்டு வயசுப் பொண்ணுகிட்ட குடுத்தேன். அம்மாவுக்கு 62 வயசு. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகாதேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். காய் எடுப்பு ஆரம்பிச்சா வீட்ல இருக்க மாட்டாங்க. "நேத்து பூரா குத்த வச்சுக் காய் எடுத்து இடுப்பே ஒடிஞ்சு போச்சு தாயி"ன்னாங்க.

பொண்ணு முகத்துல ஒரு வெளிச்சம். 'காய்'ங்கிற சொல்லு அவளுக்குப் புடிபட்டுருச்சு. உடனே ஒரே மூச்சுல, "கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், புடலங்காய், அவரைக்காய், பாகற்காய்..." பதினோரு காய். முந்தின வாரம்தான் பள்ளியில 'சொல் வேட்டை'ன்னு ஒரு போட்டியில இதைச் சொல்லி முதல் பரிசு வாங்கியிருந்தா. அந்தச் சான்றிதழ் எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டியிருக்கு.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் எங்கம்மா சிரிச்சாங்க. "ஏப்பா, புள்ள சந்தைக்கு எதும் போகணுமா?"

நானும் சிரிச்சேன். போனை வச்சப்புறம் சிரிப்பு வரல. இடுப்புன்னா என்னன்னு என் பொண்ணுக்குத் தெரியும், உடல் உறுப்புகள் அட்டையில இருக்கு. காய்னா தெரியும். அப்பத்தா சொன்னதுல அவளுக்குத் தெரியாதது 'ஒடிஞ்சு போச்சு' மட்டும்தான். வலி பூரா அதுலதானே இருக்கு?

அன்னிக்குத்தான் உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன். வருசத்துக்கு 40 சனிக்கிழமை, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். மொத்தம் 100 மணி. பிள்ளை ஒரு நாளைக்கு 14 மணி நேரம் முழிச்சிருக்கும்னா, ஒரு வருசத் தமிழ்ப் படிப்புங்கிறது முழுசா ஏழு நாள். அதுல வருகைப்பதிவு, தமிழ்த்தாய் வாழ்த்து, இடைவேளையில வடை டீ எல்லாம் போக மிச்சம் எவ்வளவுன்னு நீங்களே பார்த்துக்குங்க. அந்த மிச்சத்துல பாதியை விளையாட்டுங்கிற பேர்ல பழம், காய், நிறம், மிருகம், பறவைன்னு பேர் ஒப்பிக்கிறதுல தீர்த்துடறோம். என் சண்டை இதோடதான்.

விளையாட்டே கூடாதுன்னு நான் சொல்லல. பிரம்பு எடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிற கூட்டத்துல என்னைச் சேர்த்துடாதீங்க. சொல்லை மண்டைக்குள்ளேருந்து தோண்டி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அது இன்னும் ஆழமா இறங்குது. கார்பிக், ரோடிகர்னு ரெண்டு பேர் 2008ல சயன்ஸ் இதழ்ல எழுதினாங்க. கல்லூரிப் பசங்களுக்கு 40 சுவாஹிலி சொற்களைக் குடுத்துப் படிக்க வச்சாங்க. தெரிஞ்ச சொல்லையும் விடாம, திரும்பத் திரும்ப நினைவுலேருந்து சொல்ல வச்ச கூட்டம் ஒரு வாரம் கழிச்சு 80 சதவீதம் சொல்லுச்சு. சும்மா திரும்பத் திரும்பப் பார்த்துப் படிச்ச கூட்டத்துக்கு அதுல பாதிகூட வரல. ஆக, தோண்ட வைக்கிற விளையாட்டு நல்லதுதான்.

ஆனா நாம விளையாட வைக்கிறது என்ன? பிங்கோ. நம்ம ஊர் தம்போலாவேதான், நம்பருக்குப் பதிலா படம். டீச்சர் 'மாம்பழம்'னு கூப்பிடுவாங்க, பிள்ளை மாம்பழப் படத்து மேல புளியங்கொட்டை வைக்கும். வாயே திறக்க வேண்டாம். ஒரு மணி நேரம் பிங்கோ ஆடி ஒரு தமிழ்ச்சொல் கூடச் சொல்லாம ஜெயிச்சு வீட்டுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். அப்புறம் இந்தக் கஹூட். நாலு கலர் கட்டம், நாலு விடை, வேகமா அமுக்கினவனுக்கு மார்க். அங்கயும் தோண்டுற வேலை இல்ல, அமுக்குற வேலைதான்.

இன்னொரு விஷயம் கேளுங்க. ஒரே இனத்துச் சொல்லை மொத்தமாக் குடுத்தா சுலபம்னு நாம நினைக்கிறோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் ஒரே நாள்ல, ஒரே அட்டையில. டின்காம்னு ஒருத்தர் 1993ல சோதிச்சுப் பார்த்தாரு. ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொற்களைச் சேர்த்துக் கத்துக்கிட்டவங்களுக்கு, சம்பந்தமில்லாத சொற்களைக் கத்துக்கிட்டவங்களை விட அதிக நேரம் ஆச்சு. சொல்லும் பொருளும் ஒண்ணோட ஒண்ணு குழம்பிடுது. நியூசிலாந்துல பால் நேஷன்னு, சொல் கத்துக்கிறது பத்தியே ஆயுசு பூரா ஆராய்ச்சி பண்ணினவர், 2000ல இதை எடுத்துச் சொல்லி ஆசிரியர்களை எச்சரிச்சாரு. பின்னாடி வந்த சில ஆய்வுகள்ல வேற மாதிரியும் முடிவு வந்திருக்கு, அதையும் சொல்லிடறேன். ஆனா என் பொண்ணு மூணு வருசமா பச்சையையும் மஞ்சளையும் மாத்தி மாத்திச் சொல்றதுக்கு எனக்கு வேற காரணம் புரியல.

ஆங்கில விளையாட்டை அப்படியே தூக்கிட்டு வந்து தமிழ்ச்சட்டை மாட்டுறது அடுத்த கூத்து. ஹேங்மேன் தெரியுமில்ல, கோடு போட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கிறது. அது 26 எழுத்துக்காரன் கண்டுபிடிச்சது. 'கொக்கு'க்கு மூணு கோடு போடுங்க. பிள்ளை 'க'ன்னு கேக்குது. இருக்கா இல்லையா? கொ இருக்கு, க் இருக்கு, கு இருக்கு. 'க' மட்டும் இல்ல! இல்லைன்னு சொல்லித் தூக்குல ஒரு கால் வரைஞ்சா அந்தப் பிள்ளை தமிழ் மேலயே கோவிச்சுக்கும். 247 எழுத்துல எத்தனை தடவை தூக்குல போடுறது? கட்டத்துக்குள்ள சொல் தேடுற தாளும் அப்படித்தான். ஒருத்தர் கம்ப்யூட்டர்ல தயார் பண்ணிக் கொண்டு வந்தாரு. காலி இடத்துல எல்லாம் ஙௌ, ஙூ, ஞௌன்னு ரொப்பியிருக்கு. தமிழ்ல எந்தச் சொல்லுலயும் வராத எழுத்து. பிள்ளைங்க ரொம்பச் சுலபமா அதையெல்லாம் ஒதுக்கிட்டு விடையைக் கண்டுபிடிச்சிருச்சுங்க, அந்த அளவுக்கு அவங்க புத்திசாலிங்க :-)

கடைசி எழுத்துல அடுத்த சொல் சொல்ற விளையாட்டைப் பாருங்க. ஒருத்தன் 'மரம்'பான். அடுத்தவன் 'மலை'. அதுக்கு அடுத்தவன்? 'லை'யில ஆரம்பிக்கிற தமிழ்ச்சொல் ஏது? "லைட்!"னு கத்துவான். சொல்லுக்கு முதல்ல எந்த எழுத்து வரும், எது வராதுன்னு தொல்காப்பியரே கணக்கு வச்சிருக்காரு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எதுவும் அதுல கிடையாது. நம்ம சொல்லு நிறைய ன், ள், ல், ர்னு முடியும், ஆனா அதுல ஒண்ணுலயும் ஆரம்பிக்காது. ஆக, தமிழ் கத்துக்க ஆடுற ஆட்டம் மூணாவது ஆள்கிட்ட இங்கிலீஷுக்குப் போயிருது. இதைக் கமிட்டியில சொன்னேன். "சார், ஜாலியா ஆடுறதுல போய் தொல்காப்பியம் பேசுறீங்களே"ன்னாங்க. என்னத்த சொல்ல.

இதுல பேச உனக்கென்ன யோக்கியதைன்னு கேப்பீங்க. நானும் ரெண்டு மொழிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்ச பிள்ளைதாங்க.

உடும்பஞ்சோலை இடுக்கி மாவட்டத்துல ஒரு தாலுகா, தலைமையிடம் நெடுங்கண்டம். உடும்பும் சோலையும் சேர்ந்த பேரு, தமிழும் மலையாளமும் ரெண்டுமே சொந்தம் கொண்டாடலாம். 1956ல மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளம், பீர்மேட்டை மதராஸோட சேர்க்கணும்னு பெரிய போராட்டம் நடந்தும், எங்க மலை கேரளாவோட போச்சு. ஆனா காலையில கம்பம்மெட்டுலயும் போடிமெட்டுலயும் போய் நில்லுங்க, தேனிப் பக்கத்து ஆளுங்க ஜீப் ஜீப்பா ஏலத்தோட்டத்துக்கு ஏறி வர்றதை இன்னிக்கும் பார்க்கலாம். கேரள அரசு பாடப்புத்தகத்தைத் தமிழ்லயும் அச்சடிச்சுத் தருது. நான் படிச்சது அந்தத் தமிழ் மீடியம். ஒரே காம்பவுண்டுல அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் நாங்க.

மலையாளம் சொல்லித்தர்ற டீச்சர் முதல் நாள் உள்ள வந்து "குட்டிகளே"ன்னு கூப்பிட்டாங்க. எங்களுக்குச் சுர்ர்னு ஏறிருச்சு. குட்டின்னா எங்களுக்கு ஆட்டுக்குட்டி, பன்னிக்குட்டி. அவங்களுக்குப் பிள்ளைங்க. வெள்ளம் வேணுமான்னு கேட்டா நாங்க மிரண்டோம். எங்களுக்கு ஊரை அடிச்சுட்டுப் போறது வெள்ளம், அவங்களுக்குக் குடிக்கிற தண்ணி. பட்டின்னா அவங்களுக்கு நாய். பாதிப் பேருக்குச் சொந்த ஊரே ஆண்டிபட்டி, உசிலம்பட்டின்னு இருந்தா எப்படி இருக்கும்! சம்சாரம்னா அங்க பேச்சு, எங்களுக்கு வீட்டுக்காரம்மா. "சம்சாரிக்கருது"ன்னு டீச்சர் அதட்டினா பின் பெஞ்சு பூரா சிரிக்கும். அந்தம்மா எங்களை அடிக்கல. தினம் ஆளுக்கொரு வார்த்தை, ரெண்டு பக்கமும் ஒரே சத்தம், வேற அர்த்தம், வீட்லேருந்து புடிச்சுக்கிட்டு வான்னாங்க. அதை வச்சு ஒரு வாக்கியத்தை மலையாளத்துல சொல்லணும். எனக்கு இன்னிக்கும் மலையாளம் தண்ணி பட்ட பாடு. அதாவது, வெள்ளம் பட்ட பாடு :-)

தமிழ் வாத்தியார் ஆட வச்ச ஆட்டம் மழையால வந்தது. ஜூன்ல புடிச்சா எங்க ஊர்ல மழை விடாது. மேல தகரக் கூரை. அவர் கத்தினாலும் ரெண்டாவது பெஞ்சுக்குக் கேக்காது. அதனால பாடத்தை மூடி வச்சுட்டு நடிக்க ஆரம்பிச்சிருவாரு. கையில இல்லாத முறத்தைப் புடிச்சு ஆட்டுவாரு. நாங்க கத்தணும், "புடைச்சீங்க!" இல்லாத சல்லடையை ஆட்டுவாரு, "சலிச்சீங்க!" முறம், சல்லடைன்னு பொருள் பேரைச் சொன்னா அவுட். வேலையைத்தான் சொல்லணும். ஒரு நாள் உதட்டைப் பிதுக்கிக்கிட்டு, தோளைத் தொங்கப்போட்டு நின்னாரு. எவனுக்கும் தெரியல. பின்னாடியிருந்து ஒரு பொண்ணு, "சலிச்சுக்கிட்டீங்க சார்!" அந்தப் பொண்ணை மேசை மேல ஏத்தி நிக்க வச்சுக் கைதட்டச் சொன்னாரு.

எங்களுக்கு அதெல்லாம் வந்ததுக்குக் காரணம், வீட்ல அந்த வேலைதான் நடந்துச்சு. ஏலக்காயைப் பறிச்சு, அலசி, ஸ்டோர்ல சூடு காட்டி உலர்த்தி, உலர்ந்ததைத் தேய்ச்சுக் காம்பை உதிர்த்து, புடைச்சு, சலிச்சு, தரம் பிரிச்சு, நிறுத்துக் கட்டணும். அஞ்சு கிலோ பச்சைக் காய் உலர்ந்தா ஒரு கிலோ நிக்கும். காயையே எப்ப எடுக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. பிஞ்சுல கிள்ளினா உலர்ந்தப்புறம் சுருங்கிப் போகும், பழுக்க விட்டா வெடிச்சுப் போகும். விதை கறுத்த பக்குவத்துல எடுக்கணும். இந்த வரியில பேர் கொஞ்சம்தான். மத்தது பூரா என்ன ஆகுது, என்ன செய்யறாங்கங்கிறதுதான். உலர்ந்துச்சு, உலர்த்தினேன், உதிர்ந்துச்சு, உதிர்த்தேன். தானா நடந்ததா, ஒருத்தர் செஞ்சதாங்கிறதை அந்த ஒரு எழுத்துல தமிழ் சொல்லிடுது. இதை எந்தப் படஅட்டையில வரைவீங்க?

படஅட்டையில வரைய முடிஞ்சதை மட்டும் சொல்லித் தர்றோம். அதான் பிரச்சினையே. மாம்பழத்தை வரையலாம். 'வந்துட்டுப் போ'வை எப்படி வரையறது? 'வரட்டுமா', 'வராட்டி போகட்டும்', 'வந்திருக்கலாம்' இதுக்கெல்லாம் கிளிப் ஆர்ட் கிடையாது. அதனால நம்ம பிள்ளைங்க தமிழ்ல கடை வச்சிருக்கு, கடையில எல்லாச் சாமானும் இருக்கு, யாவாரம் மட்டும் நடக்கல.

"தன்னார்வலருங்க சம்பளமில்லாம வந்து செய்யறாங்க, வாய் கிழியப் பேசுற நீ வந்து நடத்திப் பாரு"ன்னு சொல்லுவீங்க. சொன்னாங்க. நியாயமான கேள்வி. இந்த வருச ஆரம்பத்துல ஒரு டெர்ம் நான் எடுத்தேன். முதல் மூணு வாரம் அசிங்கமாத் தோத்தேன். வாத்தியார் மாதிரி முறம் புடைச்சுக் காட்டினேன், பிள்ளைங்க என்னை டிஜேன்னு நினைச்சுச்சுங்க. இங்க முறம் ஏது? அவங்க வீட்ல நடக்கிற வேலையை நடிக்கணும்னு எனக்கு லேட்டாத்தான் உறைச்சது. பாத்திரம் அடுக்கு, துணி மடி, சார்ஜர் தேடு, தம்பியைத் தள்ளு, அம்மாகிட்ட மாட்டு. நாலாவது வாரம் வகுப்பு கொஞ்சம் கலகலன்னு ஆச்சு. கட்டளை சொல்லி உடம்பை அசைக்க வச்சே மொழி சொல்லித் தரலாம்னு ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்கர் 1960கள்லயே சொல்லிட்டாரு. எங்க வாத்தியார் அவரைப் படிச்சிருப்பாருன்னு தோணல. அவருக்கு மழைதான் குரு.

அப்புறம் ஒண்ணு செஞ்சேன், அதுதான் ஓரளவு வேலை செஞ்சது. அந்த 'மரம், மலை, லைட்' ஆட்டத்துக்குப் பதிலா அந்தாதி. நம்மகிட்ட காரைக்கால் அம்மையார் காலத்துலேருந்து இருக்கிற சங்கதி, முடிஞ்ச இடத்துல அடுத்தது தொடங்கும். எழுத்துல தொடங்காம, ஒருத்தர் வாக்கியம் முடிஞ்ச சொல்லுல அடுத்தவர் தொடங்கணும்னு வச்சேன். தமிழ் வாக்கியம் வினைச்சொல்லுலதானே முடியும்? அதனால தானா வந்து விழுது. "நேத்து மழை பெஞ்சுது." "பெஞ்ச மழையில நான் நனைஞ்சேன்." "நனைஞ்ச துணியை அம்மா காயப்போட்டாங்க." "காயப்போட்ட துணி காயவே இல்ல." "காயாத துணியை ஏன்டா போட்டே?" இந்தக் கடைசி வரியைச் சொன்னவன் அதுவரைக்கும் வகுப்புல 'எஸ் மிஸ்' தவிர வாயே திறக்காத பையன். பெயரெச்சம், எதிர்மறைன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. பெஞ்ச, நனைஞ்ச, காயாதன்னு அவனுங்களே உருட்டி எடுத்தானுங்க. தப்பும் நிறைய வந்துச்சு, "ஓடின பஸ்ஸை நான் ஓடினேன்"னெல்லாம். வரட்டும்.

அதுலயும் ஒரு சண்டை. வகுப்புல 'பெய்தது'ன்னு தூய தமிழ்ல சொல்லணும், 'பெஞ்சுது'ன்னு கொச்சையாச் சொல்லித் தர்றேன்னு ஒரு அப்பா புகார் குடுத்தாரு. அவங்கம்மா ஊர்ல எப்படிப் பேசுவாங்கன்னு கேட்டேன். பதில் இல்ல. எழுதும்போது 'பெய்தது' எழுதட்டும், அதைத் தனியாச் சொல்லித் தரலாம். எங்கம்மாகிட்ட போய் 'பெய்தது'ன்னு சொன்னா, ரேடியோ போட்டிருக்கான்னு கேப்பாங்க.

பள்ளியைச் சொல்லியும் பிரயோசனமில்ல. பேர் ஒப்பிக்கிற விளையாட்டு நமக்குத்தான் வேணும், பிள்ளைக்கு இல்ல. முப்பது பழம் சொன்னா வீடியோ எடுத்து வாட்சப்புல போடலாம், மாமா சித்தி எல்லாம் கைதட்டும். "ஏன் அப்பத்தா அழுவுறீங்க?"ன்னு பிள்ளை ஒரே ஒரு வாக்கியம் கேட்டா அதை எங்க போடுறது? எண்ணிக் காட்ட முடியறதைக் கேட்டு வாங்கினோம், அவங்க குடுத்தாங்க. நானும்தான் அந்தச் சான்றிதழை ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன்.

டெர்ம் முடிஞ்சதும் எனக்கு ஆபீஸ்ல ஆணி அதிகமாயிருச்சு, வகுப்பு பழைய கைக்கே போயிருச்சு. போன ஞாயிறு பொண்ணு அப்பத்தாகிட்ட, "காய் எடுத்தீங்களா?"ன்னு தானாக் கேட்டா. அம்மா எடுத்தேன்னாங்க. அடுத்தாப்ல, "எடுத்த காய் எங்க?"ன்னு அந்தாதி போட்டா. எங்கம்மா, "தோட்டக்காரன்கிட்டதான் தாயி, நமக்கேது?"ன்னாங்க. அதுக்கு மேல அவளுக்குப் போகல, என்னைப் பார்த்தா. நானும் ஒண்ணும் எடுத்துக் குடுக்கல.

ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவையும் பழப் பிங்கோ உண்டு. கமிட்டியில தீர்மானம் போட்டாச்சு. 60 அட்டை அச்சடிக்கிற வேலையை, ஆபீஸ்ல கலர் பிரிண்டர் இருக்குன்னு எனக்கு ஒதுக்கியிருக்காங்க. முதல் கட்டத்துல துணி மடிக்கிற ஒரு ஆளைப் போட்டிருக்கேன், ரெண்டாவதுல ஒருத்தர் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. பழம் ஒண்ணு கூட இல்லைங்கிறதைத் தங்கமணிகிட்ட இன்னும் சொல்லல.